ஏரிக்கரையில் மண் கொட்டி மனை போடலாமா? தடா பக்கத்து நிலம், ஆலோசனை தேவை

காளங்கிக்கரை | மார்ச் 18, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். ஆந்திர எல்லையில் இருக்கும் தடாவுக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியின் மேற்கு ஓரத்தில் எங்கள் குடும்பத்துக்கு மூன்றரை ஏக்கர் இருக்கிறது. மேட்டுப் பக்கம் அப்பா காலத்தில் மானாவாரி நெல் விளைந்தது. கீழ்ப் பக்கம் உப்புப் பூத்த வெறும் தரை, ஆடு மாடு கூட நிற்காது. அப்பா போன பிறகு உழவும் நின்றுவிட்டது.

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு மனை நிறுவனத்தார் வந்தார்கள். எங்களுடையதும் பக்கத்தவர்களுடையதும் சேர்த்து 40 ஏக்கர் வேண்டுமாம். ஐந்தடி உயரத்துக்கு மண் கொட்டி, ஏரியைப் பார்த்தாற்போல் வில்லாக்கள், கரையோர நடைபாதை, படகுத்துறை எல்லாம் வரப்போகிறதாம். வழவழப்பான தாளில் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதில் நீச்சல் குளத்தின் விளிம்பில் நான்கு பூநாரைகள் நிற்கின்றன, வீட்டு நாய்போல.

பெரியப்பா கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார். அடுத்த கிராம சபையில் இதைப் பேசப்போகிறார்கள். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது போய்ப் பார்த்தால் அங்கே ஏரி என்று சொல்ல எதுவுமே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்த சேறுதான். காய்ந்த தரையில் கட்டுவதில் என்ன தவறு என்று பெரியப்பா கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

சூளூர்ப்பேட்டைக்காரன் | மார்ச் 18, இரவு 10.15

நண்பரே, யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள். எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒருமுறை ஃபிளமிங்கோ திருவிழா நடக்கிறது. மூன்று நாள் கூட்டம், மேடை, பாட்டு. நான்காம் நாள் ஊர் மறுபடியும் உறங்கிவிடுகிறது. வருகிறவர்கள் இரவு தங்க நல்ல இடம் கிடையாது, சென்னைக்கே திரும்பிவிடுகிறார்கள். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை வந்ததால்தான் எங்கள் பையன்களில் பாதிப் பேருக்கு வேலை கிடைத்தது. தொழிற்சாலை வந்தபோதும் இதே ஒப்பாரிதான் வைத்தார்கள்.

உப்புத் தரையை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்? பூநாரைக்குப் பட்டா எழுதிக் கொடுப்பீர்களா?

மூன்று யூனிட் | மார்ச் 18, இரவு 11.02

நான் மண் வேலை ஒப்பந்தக்காரன். 22 வருடமாக டிப்பர் ஓட்டிப் பிழைக்கிறேன், அதனால் எனக்கு இதில் கொள்கை எதுவும் இல்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன்.

ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. 40 ஏக்கரில் ஐந்தடி என்றால் 87 லட்சம் கன அடிக்கு மேல் வருகிறது. நூறு கன அடி ஒரு யூனிட். ஆக 87,000 யூனிட். டிப்பருக்கு மூன்று யூனிட் வைத்தால் 29,000 நடை. நாள் தவறாமல் நூறு நடை அடித்தாலும் பத்து மாதம் ஆகும். மழை மாதத்தில் அந்த வழியில் வண்டி இறங்காது, எனவே இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சரளை மண் சத்தியவேடு பக்கத்து மேடுகளில் ஒன்றைக் கரைத்தால்தான் கிடைக்கும்.

இது மேலே தெரியும் கணக்கு. கீழே இருப்பது ஏரிச் சேறு. ஐந்தடி மண்ணை அதன் தலையில் வைத்தால் அது பிழிந்த துணிபோல் மெல்ல மெல்லத் தண்ணீரை விட்டு அமிழும். ஒரே சீராகவும் அமிழாது, ஒரு மூலை இறங்கும், ஒரு மூலை நிற்கும். முறையாகச் செய்வதென்றால் செங்குத்து வடிகால் இறக்கி, மேலே பாரம் ஏற்றி, அமிழ்ந்து முடியும்வரை காத்திருந்து, பிறகு கட்டவேண்டும். துறைமுகம் கட்டுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். மனை விற்கிறவர்கள் யாரும் காத்திருந்து நான் பார்த்ததில்லை. மண் கொட்டிய மறுமாதம் மஞ்சள் கல் நட்டுவிடுவார்கள்.

அமிழ்வது மனை வாங்கியவன் தலையில்தான் விடியும், விற்ற உங்களுக்கு ஒன்றும் ஆகாது. அதையும் சொல்லிவிடவேண்டும்.

வெற்றிலைப்பெட்டி | மார்ச் 19, காலை 6.20

அந்தப் புத்தகத்தில் கொசு படம் போட்டிருக்கிறார்களா?

இருக்கம் தீவு | மார்ச் 19, காலை 7.55

நான் இருக்கம் தீவில் பிறந்தவன். எங்கள் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. இப்போது வேலைக்காகக் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறேன். தம்பி இன்னும் வலைக்குப் போகிறான்.

காளங்கிக்கரை அண்ணா, நீங்கள் ‘வெறும் தரை’ என்று எழுதிய இடத்தை எங்கள் வீட்டுப் பெண்களிடம் காட்டிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே முழங்காலுக்கும் குறைவாகத் தண்ணீர் நிற்கும். இறால் குஞ்சு கடலில் பிறந்து முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, இந்த ஓரத்துச் சேற்றில்தான் வளர்கிறது. ஆழத்தில் பெரிய மீன் தின்றுவிடும் என்பதால் அது ஓரத்துக்கு வந்து ஒதுங்குகிறது. வலை வாங்கக் காசில்லாத பழங்குடிகளான இருளர்களும் யானாதிகளும் அந்த ஓரத்தில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பறி என்கிற பனையோலைக் கூடையைப் பல்லில் கவ்வியிருப்பார்கள், இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கிலோ கிடைத்தால் அன்றைய உலை கொதிக்கும். படகுக்காரனுக்கு நடு ஏரி இருக்கிறது. அவர்களுக்கு ஓரத்தைத் தவிர ஏது?

ஏரியில் யார், எங்கே, என்றைக்கு வலை கட்டலாம் என்பதற்குப் பழவேற்காட்டுக் குப்பங்களில் ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கிறது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்து, சீட்டுப் போட்டு, முறை வைத்து இறங்குவார்கள். தண்ணீருக்கே இவ்வளவு பங்கு பிரித்து வாழ்கிற ஊரில், 40 ஏக்கரை யாரிடமும் கேட்காமல் மேடாக்குவதை வெறும் நில விற்பனை என்று எப்படி எடுத்துக்கொள்வது?

சூளூர்ப்பேட்டை நண்பருக்கு ஒன்று. எங்களுக்கும் வேலை வேண்டும், வசதி வேண்டும். தீவுக்குப் பாலம் வேண்டும், அடைந்து கிடக்கும் முகத்துவாரத்தைத் தோண்டவேண்டும். இவற்றைக் கேட்டால் காசில்லை என்கிறார்கள். நடைபாதை போடுவதற்கு மட்டும் காசு எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

சங்கிலி அளவர் | மார்ச் 19, பகல் 1.30

ஓய்வுபெற்ற சர்வேயர் எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் வீட்டுக் கூரையைப் பற்றிப் பேசுகிறீர்கள், அடித்தளத்தை யாரும் கேட்கவில்லை. தம்பி, அந்த மூன்றரை ஏக்கரில் எத்தனை சென்ட் உங்களுடையது?

கேள்வி விளையாட்டுக்கு இல்லை. முதலில் சாகுபடிப் பதிவேடான அடங்கலையும் உரிமைப் பதிவேடான 1-பி-யையும் எடுங்கள். உங்கள் தாத்தா விலைக்கு வாங்கிய பட்டா நிலமா, அரசாங்கம் நிலமற்றவர்களுக்குக் கொடுத்த டி.கே.டி. பட்டாவா என்று பாருங்கள். பின்னது என்றால் 1977ஆம் ஆண்டுச் சட்டம் அதை விற்கத் தடை போட்டது; 2023இல் அதில் திருத்தம் வந்தது, அந்தத் திருத்தம் உங்கள் நிலத்துக்குப் பொருந்தாவிட்டால் விற்றாலும் செல்லாது. அடுத்து, அந்த சர்வே எண் 22-ஏ தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று சப்-ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால் பதிவே ஆகாது.

மூன்றாவது, கிராம வரைபடம். 2022 ஏப்ரலில் தடா திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. அதுவரை நெல்லூர், அதற்கும் முன்னால் சென்னை மாகாணம். பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் ஏரி எல்லை எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, உங்கள் கல்லை அதோடு ஒப்பிடவேண்டும். நான் வேலை செய்த நாட்களில் இந்த ஏரிக்கரைக் கிராமங்களில் ஒரே தொல்லைதான். பங்குனியில் அளந்தால் ஏரி ஒரு மைல் தள்ளி இருக்கும். கார்த்திகையில் அதே கல்லைத் தேடப் போனால் சங்கிலி பிடித்த ஆள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கத்துவான். இந்த ஏரியின் பரப்பையே 250 முதல் 450 சதுர கிலோமீட்டர் என்றுதான் எழுதுகிறார்கள். இடையில் இருக்கும் 200 சதுர கிலோமீட்டர் யாருடையது? வற்றும்போது பட்டாதாரர் தன்னுடையது என்பார், நிறையும்போது ஏரி தன்னுடையது என்று சொல்லாமலே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சித்திரையில் நிலம் காட்டுகிறவனிடம் ஐப்பசியில் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். பெரியப்பாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லி இதையே சொல்லுங்கள்.

சூளூர்ப்பேட்டைக்காரன் | மார்ச் 19, மாலை 6.48

அளவர் ஐயா சொன்ன காகித விஷயங்களை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரே கொடுத்த கணக்கைப் பாருங்கள். வற்றிய காலத்திலேயே 250 சதுர கிலோமீட்டர் என்றால் 60,000 ஏக்கருக்கு மேல். அதில் 40 ஏக்கர் கடலில் கரைத்த பெருங்காயம். இதனால் ஏரி நிரம்பி வழிந்து ஊர் மூழ்கிவிடும் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

உலகம் முழுவதும் செய்கிறார்கள். கொச்சி மரைன் டிரைவ் காயலைத் தூர்த்த நிலம். வில்லிங்டன் தீவு, ஆங்கிலேயர் காலத்தில் துறைமுகத்துக்குத் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கியது. சென்னையில் தியாகராய நகரே 1920களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்து எழுப்பிய ஊர்தான். அங்கே போய்ப் புடவை வாங்கும்போது யாருக்கும் ஏரி நினைவு வருவதில்லை. நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு நடுக்கம்?

மூன்று யூனிட் | மார்ச் 19, இரவு 8.10

பெருங்காயக் கணக்கு சரிதான். 40 ஏக்கரால் ஏரியின் மட்டம் நூலளவுகூட உயராது. அதைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் எதிர்ப்பைத்தான் பலவீனமாக்குகிறார்கள்.

ஆனால் மேட்டிலிருந்து ஏரிக்கு ஓடி வரும் மழைத் தண்ணீரை மறந்துவிட்டீர்கள். ஐந்தடிச் சுவர்போல் மண் நின்றால் அதன் பின்னால் இருக்கும் நெல் வயலும் காலனி வீடுகளும் தொட்டியாகிவிடும். குழாய் வைக்கிறேன் என்பார்கள். இரண்டடிக் குழாயில் ஐப்பசி வெள்ளம் போகும் என்று எந்த மேஸ்திரியும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லமாட்டான். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற சாலையைத் தினமும் பார்க்கிறீர்களே. கரை எழுப்பிப் போட்ட சாலை. அதற்கு வடக்கே தண்ணீர் நடமாட்டம் எவ்வளவு குறைந்தது என்று வலைக்காரர்களைக் கேளுங்கள். நாட்டுக்கு ராக்கெட் வேண்டும், சாலை போட்டோம், சரி. வில்லாவுக்கு அந்தச் சலுகை எதற்கு?

கொச்சித் தெருவோரம் | மார்ச் 20, காலை 9.05

கொச்சியை இழுத்துவிட்டதால் வருகிறேன். பூர்வீகம் செங்கோட்டை, எர்ணாகுளத்தில் 17 வருடம்.

மரைன் டிரைவைக் காட்டியவர் மரட்டைக் காட்டவில்லையே! அங்கே காயல் ஓரத்தில் கடற்கரை ஒழுங்குமுறை விதியை மீறி நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. உள்ளாட்சி அனுமதி இருந்தது, வங்கிக் கடன் இருந்தது, மின் இணைப்பு இருந்தது, ஆட்கள் குடியேறிப் பால் காய்ச்சி வருடக்கணக்கில் வாழ்ந்தார்கள். 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

இடிப்பதற்கு முந்தைய வாரங்களில் அந்தப் பக்கம் போயிருந்தேன். கதவு, ஜன்னல், கழிவறைப் பீங்கான், மாடிப்படிக் கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு முதியவர் லிஃப்ட் கதவருகே நின்று யாரிடமோ கைப்பேசியில், “ஃபேன் ஐந்தையும் எடுத்துவிட்டேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேறு எதையும் அவர் சொன்னதாக நினைவில்லை.

குட்டநாட்டிலும் காயலை மீட்டார்கள். அது நெல்லுக்காக. கடல் மட்டத்துக்கும் கீழே வரப்பு எழுப்பி, தண்ணீரை இறைத்து இறைத்து விளைவித்தார்கள். 1970களில் உப்பு நீரைத் தடுக்க தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை வந்தது. மதகை அடைத்தால் நெல்லுக்கு நல்லது, திறந்தால் மீனுக்கு நல்லது. இன்றைக்கும் எப்போது திறப்பது என்று இரு தரப்பும் மல்லுக்கு நிற்கிறார்கள். ஒருமுறை தண்ணீரின் வழியில் கை வைத்தால் கையை எடுக்கவே முடியாது என்பதற்கு அதைப் பார்த்தால் போதும்.

வெற்றிலைப்பெட்டி | மார்ச் 20, காலை 9.31

தியாகராய நகரில் 2015 டிசம்பரில் ஏரி நினைவு வந்தது. என் சித்தப்பா வீட்டுக் குளிர்பதனப் பெட்டி கூடத்தில் மிதந்தது.

பெஜவாடா | மார்ச் 20, பகல் 12.40

ஆந்திராவுக்குள்ளேயே உதாரணம் இருக்கிறதே. கொல்லேறு ஏரி. 1999இல் சரணாலயம் என்று அறிவித்தார்கள். ஏரிக்குள் கரை கட்டி மீன் பண்ணை போட்டவர்கள் அசையவில்லை. 2006இல் அரசே இயந்திரங்களை இறக்கிக் கரைகளை உடைத்தது. பெரிய பண்ணைக்காரர்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சிறு சம்சாரிகள் நடுத்தெருவில் நின்றார்கள். பிறகு மறுபடியும் கரைகள் முளைத்தன என்பது வேறு கதை.

அந்தக் கொல்லேறுக்குள் போய் விழும் ஆறுதான் புடமேறு. 2024 செப்டம்பரில் அது உடைத்துக்கொண்டு விஜயவாடாவின் பாதியை மூழ்கடித்தபோது நான் சிங் நகரில் மாடியில் மூன்று நாள் இருந்தேன். பால் பாக்கெட்டைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்தோம். அதற்கு மேல் எழுத மனமில்லை.

நெறியாளர் | மார்ச் 20, பகல் 2.00

கட்சி அரசியலாகப் போன ஆறு பதில்களை நீக்கியிருக்கிறேன். எந்த முதலமைச்சர் காலத்தில் எந்தக் கரை உடைந்தது என்ற சண்டைக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள்.

சட்டப்புத்தகம் | மார்ச் 20, இரவு 9.15

சுருக்கமாகச் சொல்கிறேன். ஏரியின் ஆந்திரப் பகுதியும் தமிழ்நாட்டுப் பகுதியும் பறவைச் சரணாலயங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் வரும் தண்ணீரையோ வெளியே போகும் தண்ணீரையோ திருப்பவும் தடுக்கவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும் என்கிறது. பறவைகள், விலங்குகளின் நன்மைக்கு அவசியம் என்றால்தான் அந்த அனுமதி. வில்லாவை அதற்குள் எப்படி நுழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

2019ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, அலை ஏறி இறங்கும் நீர்நிலைகளின் கரையில் முன்பு 100 மீட்டராக இருந்த கட்டுப்பாட்டை 50 மீட்டராகக் குறைத்தது உண்மை. மனை விற்பவர்கள் இந்த ஒரு வரியைத்தான் காட்டுவார்கள். சேற்றுத்திட்டுகள், பறவைகள் கூடு கட்டும் இடங்கள், சரணாலயங்கள் முதலியவை மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள 1-ஏ வகையில் வருகின்றன என்பது அதே அறிவிக்கையில்தான் இருக்கிறது. கிராம சபைத் தீர்மானம் இவற்றில் எதையும் தாண்டாது.

கரும்பலகை | மார்ச் 21, காலை 5.50

ஏரிக்கரைப் பள்ளியில் ஒன்பது வருடம் ஆசிரியையாக இருந்தேன். சூளூர்ப்பேட்டைத் தம்பியை இங்கே எல்லோரும் மொத்துகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் கேட்பது நியாயம். என் மாணவர்கள் பத்தாம் வகுப்பு முடித்ததும் லேத் பட்டறைக்கும் கோழிப் பண்ணைக்கும் போனார்கள். ஏரி அழகு என்று நாம் எழுதலாம். அவர்களுக்குச் சம்பளம் வேண்டும்.

ஆனால் வில்லாவில் அவர்களுக்குக் கிடைப்பது காவல்காரன் வேலையும் தோட்ட வேலையும்தானே தம்பி? பி.வி.பாளையத்தில் சுற்றுலாப் படகு ஓடுகிறது. நேலப்பட்டில் கூழைக்கடா கூடு கட்டும் காலத்தில் பேருந்து பேருந்தாக ஆட்கள் வருகிறார்கள். ஊருக்குள் மேட்டு நிலத்தில் பத்து வீடுகளில் சுத்தமான அறையும் சோறும் கொடுத்தால், அந்தக் காசு ஊரிலேயே நிற்கும். நண்டுக் குழம்புக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். பூநாரை ஆழம் குறைந்த தண்ணீரில் நின்று, தலையைக் கவிழ்த்து, சேற்றை அலசித் தின்கிற பறவை. அந்த ஓரத்தை மேடாக்கிவிட்டு, ஜன்னலைத் திறந்து எதைப் பார்க்கப்போகிறார்கள்?

சூளூர்ப்பேட்டைக்காரன் | மார்ச் 21, காலை 8.22

டீச்சர், பத்து வீட்டுக்கு அறை கட்டக் கடன் கொடுக்க யாராவது வந்தால் முதல் மனு என்னுடையது. இதுவரை வந்தவர்கள் மண் கொட்டுகிறவர்கள் மட்டும்தான். அதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காளங்கிக்கரை | ஏப்ரல் 6, இரவு 10.30

தாமதத்துக்கு மன்னிக்கவும். அளவர் ஐயா சொன்னபடி காகிதங்களை எடுத்தேன். ஒன்றே முக்கால் ஏக்கர் சுத்தமான பட்டா, தாத்தா 1961இல் வாங்கியது. மிச்சம் அனுபவத்தில் இருக்கிறதே தவிர எங்கள் பெயரில் எங்குமே இல்லை. நாற்பது வருடமாக வீட்டில் ‘மூன்றரை ஏக்கர்’ என்றே சொல்லி வளர்ந்திருக்கிறோம். பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்துவிட்டு, கணக்கப்பிள்ளை அந்தக் காலத்தில் வாய்வார்த்தையாகச் சொன்னதுதான் என்றார்.

கிராம சபையில் ஐப்பசி வரை தள்ளிவைக்கும்படி கேட்டேன். சிரித்தார்கள். ஆனாலும் பக்கத்து நிலத்துக்காரர்களில் நால்வரின் பட்டாவும் எங்களுடையதைப் போலவே இருப்பதால் தள்ளிவைத்துவிட்டார்கள். நிறுவனத்தார் அதற்குள் மஞ்சள் கல் நட்டு, மூலைக்கு மூலை கொடி கட்டிவிட்டார்கள்.

சங்கிலி அளவர் | ஏப்ரல் 7, காலை 6.05

பட்டா உள்ள ஒன்றே முக்கால் ஏக்கருக்கு வேலியை உறுதியாகப் போடுங்கள். மிச்சத்துக்கு யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுடையது இல்லாத நிலத்தை உங்கள் கையெழுத்தால் வாங்கிவிட்டு, நாளைக்கு வழக்கு வந்தால் உங்களையே முதல் எதிரியாகப் போடுவார்கள்.

காளங்கிக்கரை | நவம்பர் 9, மாலை 5.20

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன். நான்கு நாள் மழைக்குப் பிறகு இன்று காலை பெரியப்பாவும் நானும் போனோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். எங்கள் பட்டா நிலத்தின் கடைசிப் பனைமரத்தோடு தரை முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் மஞ்சள் கல் எதுவும் தெரியவில்லை. கொடிக் கம்புகளின் நுனி மட்டும் வரிசையாகத் தண்ணீருக்கு மேலே நிற்கிறது, ஒன்றில் நீர்க்காகம் இறக்கை உலர்த்திக்கொண்டிருந்தது. அந்த வரிசைக்கும் உள்ளே, கரையோரமாக, நான்கு பெண்கள் பறியைக் கவ்விக்கொண்டு துழாவிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா அவர்களில் ஒருவரிடம் இறால் என்ன விலை என்று கேட்டு அரைக் கிலோ வாங்கினார். வேறு எதுவும் பேசவில்லை.

நிறுவனத்து ஆளைக் கைப்பேசியில் அழைத்துச் சொன்னேன். அவர் அசரவில்லை. ஐந்தடி போதாது போலிருக்கிறது, ஏழடியாக உயர்த்திவிடலாம் என்றார்.

மூன்று யூனிட் | நவம்பர் 9, மாலை 6.02

இன்னும் 11,600 நடை.